அடித்துத் திருத்திய சொல்

1943ஆம் ஆண்டிலே சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் படிப்பை முடித்த லலிதா என்னும் மாணவியின் சான்றிதழில், ஆணைக் குறிக்கும் சுட்டுச்சொல்லே அச்சாகியிருந்தது. அதனை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்குஞ் சொல்லைக் கையால் எழுதினர். 18 வயதிற் கைக்குழந்தையுடன் கைம்மை எய்திய அவர், பிற்காலத்திற் பக்ரா நங்கல் அணையின் மின்பிறப்பாக்கிகள் தொடர்பான பணியிலும் பங்குகொண்டார். இலங்கையில், 1960களிற் பட்டம் பெற்ற பிரேமளா சிவசேகரம் நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகப் போற்றப்படுகின்றார்.

தாளிலுள்ள அச்சைத் திருத்தலாம். மனத்திலுள்ள அச்சை அவ்வாறு எளிதில் திருத்த முடிவதில்லை. கணிதத்தில் ஒத்த வல்லமையுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அமெரிக்க உளவியலாளர் சிலர் கடினமான பரீட்சை ஒன்றை வைத்து, அதன் முடிவுகளை 1999இல் வெளியிட்டனர். இப்பரீட்சையில் ஆண் பெண் வேறுபாடு தோன்றுவதுண்டு எனக் கூறியபோது பெண்கள் பின்தங்கினர். வேறுபாடில்லை எனக் கூறியபோது ஆண்களுக்கு நிகராகச் செய்தனர். வினாத்தாள் ஒன்றே, கூறப்பட்ட சொல் மட்டுமே வேறு.

விடை காண்பதற்கே இத்துணை இடையூறெனின், புதியது புனைவதைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ? 1979இல் தெரேசா அமபைல் என்பவர் கல்லூரி மாணவியரைக் காகிதத் துண்டுகளால் ஒட்டுப்படம் ஆக்கச் செய்தார். தம் ஆக்கம் மதிப்பிடப்படும் என்று முன்னரே அறிந்தோரின் படங்கள் பொதுவாகப் புதுமை குறைந்தே காணப்பட்டன. பொறியியல் வகுப்பில் தனித்து நிற்கும் மாணவியோ எந்நாளும் மதிப்பிடப்படுபவளாகவே தன்னை உணர்கின்றாள். மாணவன் தவறினால் தவறு அவனுடையது. அவள் தவறினால் அது பெண்ணினத்தின் குறையென எண்ணப்படும். ஆதலின் துணிந்த வழியை விட்டு, நூலிற் கண்ட வழியையே அவள் தெரிந்துகொள்கின்றாள். தவறுவதற்கு உரிமை இல்லாதவிடத்தே புதுமை பிறப்பது அரிது.

இதற்கு மாற்று நம் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே தொடங்கலாம். கருவியை மாணவனிடமும் குறிப்பேட்டை மாணவியிடமும் கொடுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். இருவரும் முறைவைத்துக் கருவியைக் கையாளட்டும். அவளது பிழையையும் பிழையாக மட்டுமே கொண்டு, மீண்டும் முயல்க என ஆசிரியர் கூறட்டும். பெண்ணாயிருந்தும் நன்கு செய்தாய் என்ற பாராட்டு வேண்டாம்; நன்கு செய்தாய் என்பதே போதும்.