இரண்டு பிரதி, இரண்டு இடம்



முகூர்த்த மாதம் பிறந்தால் விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வீடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. 4கே கேமராவில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, நாலு மணி நேரம் என்றால் 540 ஜிபி!

இதையெல்லாம் எதில் வைப்பது? எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டி நல்லது. நொடிக்கு 500 எம்பி, 1,000 எம்பி என்று படிக்கும். தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க் அவ்வளவு வேகம் போகாது. ஆனால் விலை குறைவு, முடிந்த வேலையைச் சேமித்து வைக்கப் போதும். ஓடும்போது கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். பல டிஸ்க்குகள் இயங்குவதற்குச் சொல்லியிருக்கிற வெப்பநிலை 35 டிகிரி வரைதான். நம்ம ஊர்க் கத்திரி வெயிலை டிஸ்க் தாங்காது.

எந்த கம்பெனி டிஸ்க் கெடாது என்று கேட்பீர்கள். கெடாத டிஸ்க் எந்தக் கடையிலும் இல்லை. பட்டாசு ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளித்தானே கட்டுகிறார்கள்? ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்தது தப்ப வேண்டும். பிரதியும் அப்படித்தான்.

'டாய் ஸ்டோரி 2' என்ற அனிமேஷன் படம் தயாரிப்பில் இருந்தபோது கோப்புகள் அழிந்துவிட்டன. பேக்கப்பும் கைவிட்டது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

ஆகவே, ஒரு டிஸ்க் ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டில். இரண்டிலும் படம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று சொல்ல முடியுமா?