மழைக் குளிரும் வீட்டுச் சுகமும்

(நூற்றாண்டு ஆண்டின் மார்கழி ஒன்றுகூடலில் வில்கமுவவில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



குளிர் நாட்களில் வீட்டுக்குள் கிடைக்கும் சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். வில்கமுவக்காரிக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நியாயந்தான். நுவரெலியாவில் தை, மாசியில் புல்லின்மேல் உறைபனி படியும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, மகாவலியை ஒட்டிய தாழ்ந்த பூமி அது. ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான்.

ஆனால் மார்கழி வேறு. வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று மலையின் கிழக்குச் சரிவில் மோதி, நாட்கணக்கில் மழையைக் கொட்டும். எங்கள் வீடுகளோ வெயிலுக்கென்று கட்டியவை. சீமெந்துத் தரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி, சாத்தினாலும் சாத்தாத ஜன்னல். வெப்பமானி பெரிதாக இறங்காவிட்டாலும், ஈரத் துணியும் ஈரக் காற்றும் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். வயது போனவர்களுக்கு அது எலும்பு வரை தெரியும்.

அந்தக் காலந்தான் எங்களுக்குப் பெரும்போகம். வயலிலும் சேனையிலும் பயிர் நிற்கும். பக்கத்திலே 1984 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ. யானைகளுக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. ஆகவே ஆண்கள் பலர் இரவில், சிங்களத்தில் ‘பெல’ என்று சொல்லும் காவல் பரணில் இருப்பார்கள். பொழுது சாய்ந்தால் பெண்கள் வெளியே இறங்குவதில்லை. வீட்டுக்குள் இருப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, வேறு வழியில்லாத இருப்பு. அதற்குள்தான் சந்தோஷத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

என்ன கிடைக்கிறது என்று சொல்கிறேன். முதலாவது, அடுப்பு. விறகடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைத்த துவாயை, சூடு ஆறுமுன் எடுத்துத் தலையைத் துவட்டிப் பாருங்கள். இரண்டாவது, குரக்கன் ரொட்டி. தேங்காய்ப்பூ சேர்த்துத் தடிப்பாகத் தட்டி, கட்டைச் சம்பலோடு சுடச்சுடச் சாப்பிட வேண்டும். பிறகு ஒரு பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. மூன்றாவது, அயலிலுள்ள சிங்களச் சகோதரிகள் எனக்குப் பழக்கிய பஸ்பங்குவ. கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்படாகம் என்று ஐந்து சரக்கைச் சேர்த்து அவித்த குடிநீர். கசக்கும். ஆனால் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஆவியை முகத்தில் வாங்கியபடி குடிக்கும்போது அந்தக் கசப்பும் ஒரு சுகம். யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு இதே காலத்தில் இருபத்தொரு நாள் பிள்ளையார் கதையும், பின்னர் பத்து நாள் திருவெம்பாவையும் உண்டு. இருளும் குளிருமான நாட்களில் கூடி இருக்க ஒரு காரணம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருக்கிறார்கள்.

இனி, இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும்.

ஒன்று, இந்தச் சுகங்கள் யாருடைய கையால் வருகின்றன? எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருக்கும் வேளையில் ஈர விறகை ஊதுகிறவர் ஒருவர் இருக்கிறார். அநேகமாக அவர் அம்மா. மற்றவர்களுக்குத் தேநீர் சூடாகப் போகும். அவருடையது ஆறிப்போய் ஓரத்தில் இருக்கும். மாணவச் செல்வங்களே, இந்த மழைக்காலத்தில் வாரத்தில் ஒரு காலையாவது நீங்கள் எழுந்து அடுப்பை மூட்டுங்கள். தம்பிமாரையும் எழுப்புங்கள். அம்மாவின் தேநீரை அவர் சூடாகக் குடிக்கட்டும். அதுவும் அந்த வீட்டின் சிறு சந்தோஷங்களில் ஒன்றுதான்.

மற்றது, மழை எல்லோருக்கும் சுகமல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களைப் புரட்டிப்போட்டன. அதன் பிறகு, ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டால் பலருக்கு நித்திரை வருவதில்லை. பழைய சந்தோஷத்தை அவர்களிடம் பேச்சால் திருப்பிக் கொடுக்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடுப்பையும் ரொட்டியையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டும். எச்சரிக்கை இல்லாத இரவுகளில் அவர்களுக்கு வேண்டியது இன்னொரு மனிதக் குரல்.

அதனால்தான் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். நம் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மூத்த மாணவிகள் பலர் தனியாக இருக்கிறார்கள். கணவர் இல்லை, பிள்ளைகள் லண்டனில், ரொறன்ரோவில். அங்கே குளிர் காலம் நம்முடையதைவிடக் கொடியது. லண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. பிற்பகல் நாலு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். அங்குள்ள நம் மாணவிகளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனித்துத்தான் இருக்கிறார்கள்.

இளைய உறுப்பினர் ஒவ்வொருவரும் மூத்தவர் மூவரை ஏற்றுக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் தை வரை, வாரம் ஒரு தடவை, மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி எடுங்கள். இங்கே ஏழு என்றால் லண்டனில் பகல் ஒன்றரை, ரொறன்ரோவில் காலை எட்டரை. எல்லோருக்கும் தோதான நேரம். “சுகமா அக்கா?” என்று கேட்டால் “சுகம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். “இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? உங்கள் காலத்தில் விடுதியில் மழைக்கு என்ன தருவார்கள்?” என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் போவது தெரியாது. ஒரு வாரம் அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அயலில் உள்ள ஒருவரை அனுப்பிப் பார்க்கலாம். இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள்: குளிருக்காகக் கரிச்சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்துப் படுக்க வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

நூறாண்டு கண்ட பாடசாலைக்குக் கட்டடம் கட்டலாம், மண்டபம் கட்டலாம். கட்டுவோம். அதற்குப் பணம் சேர வேண்டும், காலம் எடுக்கும். இந்த அழைப்புகளுக்குப் பணமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். பதிவேட்டின் பிரதிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகுமுன் ஆளுக்கு மூன்று பெயரை எழுதிக்கொண்டு போங்கள். முதல் அழைப்பை இன்று மாலையே எடுக்கலாம்.