கியர் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடும் முன்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் செயலாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். பார்க்கிங்கில் தூசி பிடித்து நிற்கும் சைக்கிள்களை உரியவர்கள் கவனிக்காவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார். மறுநாளே கீழே போய் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14. அதில் 9 கியர் சைக்கிள். அந்த ஒன்பதில் 6 வண்டிகளுக்குப் பின்சக்கரப் பல்சக்கரத்தில்தான் கோளாறு. மற்றபடி பிரேம், ரிம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. செயலாளரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் நான் பணத்தைத் தொலைத்துப் பாடம் படித்தவன். ஓய்வு பெற்ற பிறகு கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். தென்காசியிலிருந்து காலையில் குற்றாலம் போய்வர அது தாராளம். ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஏற்றமும் பெரிதாகத் தெரியாது. ஆசை யாரை விட்டது? செங்கோட்டை தாண்டி, புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு வரை போகலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். எஸ் வளைவு வந்ததும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்து ஆறுதல் சொன்னார்கள்.

காரணம் எளிது. என் வண்டியில் முன்னால் உள்ள சிறிய சக்கரத்துக்கு 24 பல், பின்னால் பெரியதற்கு 28 பல். 26 அங்குல வண்டியில் மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 1.8 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் இருந்தால் சுமார் 1.5 மீட்டர்தான் நகரும். தூரம் குறைவதற்கு ஏற்றபடி காலுக்குச் சுமையும் குறையும். இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்ட நான், 11 முதல் 34 பல் வரை உள்ள 8 அடுக்குக் கேசட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஏழை விட எட்டு மேல் என்று நினைப்பு! (கேசட் என்றதும் என் மனைவி, பாட்டுக் கேசட் என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள்.)

நம் ஊர்ச் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது கேசட். உங்க வீலு ஃப்ரீவீல் வீலு. இது அதுல ஏறாது" என்றார். பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. இப்போது என் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒன்று, வங்கியில் ஒன்று. எவ்வளவு நல்ல சாவியானாலும் அது அந்த லாக்கருக்கு உரியதாக இருக்க வேண்டும். பல்சக்கரமும் ஹப்பும் அப்படித்தான்.

இதில் இரண்டு வகை. முதலாவது ஃப்ரீவீல். பல்சக்கரங்களும், மிதிக்காதபோது டிக் டிக் என்று ஓடவிடும் பொறியும் ஒரே உருண்டையாக இருக்கும். அதை ஹப்பில் மறை போட்டுத் திருகுவார்கள். விலை குறைந்த 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது கேசட். இதில் அந்த டிக் டிக் பொறி ஹப்பிலேயே இருக்கும். பல்சக்கரங்கள் வெறும் வட்டுகள். பள்ளமும் மேடும் உள்ள உருளையில் அவற்றைச் செருகி, மேலே ஒரு மறை வளையத்தால் இறுக்குவார்கள். ஷிமானோ கம்பெனி 1978-லேயே இந்த வகை ஹப்பைக் கொண்டுவந்துவிட்டது. இதில் அச்சைத் தாங்கும் பேரிங் அச்சின் நுனிக்கு அருகில் அமைகிறது. ஃப்ரீவீலில் அது உள்ளே தள்ளி இருப்பதால், கனமான ஆள் குழியில் இறங்கினால் அச்சு வளைய வாய்ப்பு அதிகம். எடை கூடியவர்கள் இதைக் கவனிக்கவும். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

உங்கள் வண்டியில் எது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பல்சக்கரத்தின் நடுவே, கழற்றும் கருவியைச் செருகுவதற்கான பள்ளங்கள் தெரியும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பள்ளங்களும் சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, நடுப்பகுதி சும்மா இருந்தால் ஃப்ரீவீல்.

கேசட் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, அடுக்கின் எண்ணிக்கையும் வேண்டும். ஷிமானோ வகையில் 8, 9, 10 அடுக்குகளுக்கு ஹப் உருளை ஒன்றே. அதில் 7 அடுக்கைப் போட வேண்டுமானால் 4.5 மில்லிமீட்டர் வாஷர் ஒன்று கூடுதலாக வேண்டும். ரோடு பைக்கின் 11 அடுக்குக்கு உருளை 1.85 மில்லிமீட்டர் நீளம் அதிகம். அது பழைய ஹப்பில் ஏறாது. 12 அடுக்கில் 10 பல்லில் தொடங்குபவற்றுக்கு உருளையே வேறு. அவ்வளவு சிறிய பல்சக்கரம் பழைய உருளையின் மேல் நுழையாது. ஹப்பில் ஏறிவிட்டாலும், கைப்பிடியில் உள்ள கியர் மாற்றியும் அதே எண்ணிக்கைக்கு உரியதாக இருக்க வேண்டும். செயின் 6, 7, 8 அடுக்குகளுக்கு ஒன்றுதான். 9-லிருந்து மெலியும்.

கடைசியில் நான் செய்தது, ஹப்பைத் தொடாமல் 14 முதல் 34 பல் வரை உள்ள 7 அடுக்கு ஃப்ரீவீல் வாங்கிப் போட்டதுதான். கியர் மாற்றும் பின்கை 34 பல்லைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சில 28-லேயே நின்றுவிடும். என்னுடையது தாங்கியது. செயினைப் புதிதாக, இரண்டு கண்ணி கூட்டிப் போட்டேன். மொத்தச் செலவு அந்த வீணான கேசட்டின் விலையை விடக் குறைவு.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் வழுக்கும். உட்கார்ந்து மிதிக்கும்போது அது வெறும் எரிச்சல்தான். பிள்ளைகள் எழுந்து நின்று மிதிக்கும்போது வழுக்கினால் நேராக முகத்தில் அடி. கீழே நிற்கும் சிவப்பு வண்டியின் பற்கள் சுறாமீன் பல் போல் கூராகிவிட்டன. அதன் சொந்தக்காரர் அதுவரை பையனிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது மட்டும் கொஞ்சம் முரட்டு வேலை. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். சாரல் காலத்து ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சுத்தியலால் அடிக்காதீர்கள். கருவியை வைஸில் மேல்நோக்கிப் பிடித்து, சக்கரத்தைப் பல் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் பொருத்தி, ரிம்மைப் பஸ் ஸ்டியரிங் போல இரண்டு கையாலும் இடப்புறமாகத் திருப்ப வேண்டும். ரிம் கெட்டுப்போனது என்று ஸ்போக்ஸ் கம்பிகளை முதலில் வெட்டிவிடாதீர்கள். அப்புறம் திருகுவதற்குப் பிடி இருக்காது, ஹப்பும் ஃப்ரீவீலும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். புதியதைப் போடும்போது மறையில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பார்க்கிங்கில் இருப்பேன். சைக்கிளோடு வந்தால் என்ன வகை, எத்தனை அடுக்கு, எத்தனை பல் என்று ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன். கடையில் அதைக் காட்டி வாங்கினால் போதும். கழற்றும் கருவி என்னிடம் இருக்கிறது. வைஸ் இல்லை. பி பிளாக்கில் ஒரு வீட்டுப் பால்கனியில் ஒன்றைப் பார்த்தேன், கொஞ்சம் கீழே கொண்டுவந்தால் நல்லது.