இடத்தோளும் வலத்தோளும்

(எமது சங்கத்தின் ஆண்டுவிழாவையொட்டி நடந்த கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



போர்வீரன் அணியும் சீருடையில் அவனுடைய சொந்த விருப்பத்துக்கு இடமுண்டா என்பதே இன்று எமக்குக் கொடுக்கப்பட்ட பொருள். போரைப் போற்றுவது எமது நோக்கமன்று. போர் எத்தகைய துன்பம் என்பதை இம்மண்ணில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒழுங்கும் சுதந்திரமும் ஒரே சட்டையில் எவ்வாறு சேர்ந்திருக்கலாம் என்பதை மட்டுமே ஆராய முற்படுகின்றோம்.

படையினர் தம்மை இன்னார் என்று காட்ட அடையாளம் அணிவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சேரர் பனம்பூவையும், பாண்டியர் வேப்பம்பூவையும், சோழர் ஆத்திப்பூவையும் சூடினர் என்பது தொல்காப்பியம் கற்றோர் அறிந்ததே. கைகலந்த போரில் இவன் நம்மவன், அவன் மாற்றான் என்று அறிதற்கு அப்பூக்கள் உதவின. அதே தேவை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டிலே துணியால் நிறைவேறியது. இக்கேள்வி அந்நாட்டு இராணுவத்திலேயே தெளிவாக எழுந்தமையால், அதன் வரலாற்றையே எடுத்துக்கொள்கின்றோம்.

1862ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிலிப் கேர்னி என்னும் ஜெனரல், வேறொரு படைப்பிரிவின் அதிகாரிகளைத் தம்முடையவர் என எண்ணிக் கண்டித்துவிட்டார் என்றும், அப்பிழை மீண்டும் நேராதிருக்கத் தம் அதிகாரிகள் தொப்பியில் சிவப்புத் துணித்துண்டு அணியவேண்டும் எனப் பணித்தார் என்றும் கூறுவர். கட்டளை அதிகாரிகளுக்கே. ஆயினும் சாதாரணச் சிப்பாய்களும் தாமாகவே சிவப்புத் துணி தேடித் தைத்துக்கொண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி கேர்னி களத்தில் மாண்டார். துணியோ மாளவில்லை. அடுத்த ஆண்டு, 1863இல், ஜெனரல் ஹூக்கர் தம் சேனை முழுவதற்கும் இம்முறையை விரித்தார். வட்டம், பிறை, நட்சத்திரம், சிலுவை என ஒவ்வொரு பெரும்படைக்கும் ஒவ்வோர் உருவம் அமைந்தது. அதனுள் முதலாம் பிரிவுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு நீலம்.

இதே கதை முதலாம் உலகப் போரிலும் நிகழ்ந்தது. தெற்குக் கரோலினாவின் ஜாக்சன் முகாமில் பயிற்சி பெற்ற 81ஆம் டிவிசன், 1918இல் பிரான்சுக்குச் சென்றபோது தோளிலே காட்டுப்பூனையின் உருவத்தை அணிந்திருந்தது. ஏனைய படையினர் ஆட்சேபித்தனர். விவகாரம் மேலிடம் வரை சென்றது. சேனாதிபதி பேர்ஷிங்கின் தலைமையகமோ அதனைக் கழற்றும்படி கூறவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதனை அனுமதித்ததோடு, ஏனைய டிவிசன்களும் தத்தமக்கெனச் சின்னம் அமைத்துக்கொள்ள வழிசெய்தது.

அன்பர்களே, இவ்விரு செய்திகளிலும் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இன்று விதியாக விளங்கும் சின்னம், அன்று வீரனுடைய விருப்பமாக இருந்தது. அன்பு முன்னே வந்தது. ஆணை பின்னே வந்தது. ஆதலின், சீருடை என்றாலே தனிமனிதனை அழிப்பது என்று இளைஞர் கூறுவதும், விருப்பம் என்றாலே ஒழுங்கைக் கெடுப்பது என்று பெரியோர் அஞ்சுவதும் வரலாற்றோடு பொருந்தா.

இனி, அந்த இராணுவத்தின் இன்றைய விதியைக் காண்போம். வீரன் இப்போது எந்தப் படைப்பிரிவில் கடமையாற்றுகின்றானோ, அதன் சின்னத்தை இடத்தோளில் அணியவேண்டும். இதில் அவனுக்குத் தெரிவு இல்லை. வலத்தோளின் முறை வேறு. போர்க்காலத்தில் முன்பு எந்தப் பிரிவோடு பணியாற்றினானோ, அதன் சின்னத்தை அங்கே அணியலாம். இவ்வுரிமை இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1945இல் வழங்கப்பட்டது. பல போர்களில் பல பிரிவுகளோடு சென்றவனாயின், அவற்றுள் ஒன்றைத் தானே தெரிந்துகொள்வான். ஒன்றையும் அணியாது விடவும் அவனுக்கு உரிமையுண்டு.

நாம் கற்ற மிஷன் பாடசாலையின் வழக்கத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். இல்ல விளையாட்டுப் போட்டியன்று இல்லச் சின்னத்தை எல்லோரும் அணிவர். திறமை காட்டியவர்க்குக் கிடைக்கும் 'கலர்ஸ்' அதனைப் பெற்றவனுக்கே உரியது. முன்னது சேர்ந்திருப்பதன் அடையாளம். பின்னது உழைத்துப் பெற்றதன் அடையாளம்.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒன்றாகப் போர்முனைக்குச் சென்று மீள்கின்றது. அதன் தலைவர், "நாம் ஒன்றாகச் சென்றோம், ஆதலால் எல்லோருடைய வலத்தோளிலும் நம்முடைய சின்னமே இருத்தல் நன்று" என்று விரும்புகின்றார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அணிவகுப்பில் தோள்கள் ஒன்றுபோல இருந்தால் மனங்களும் ஒன்றுபடும் என அவர் நம்புகின்றார். பழைய பிரிவின் பெருமையைப் பேசிக்கொண்டு ஒருவன் புதிய பிரிவில் விருந்தாளியாகவே இருந்துவிடக்கூடாது என்றும் எண்ணுகின்றார்.

ஆனால் அந்த அணியிலே, பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பிரிவோடு சென்று, அங்கே தன் தோழனை இழந்தவன் ஒருவன் நிற்கக்கூடும். அவனுக்கு வலத்தோளின் துணி அலங்காரமன்று; இறந்தவனுக்கு அவன் நாள்தோறும் செலுத்தும் கடன். அதனைக் கழற்று என்றால் எதனைக் கழற்றச் சொல்கின்றோம்?

விதியோ அவன் பக்கமே நிற்கின்றது. எனினும் தலைவர் கட்டளை இடவேண்டியதில்லையே! "இது எமது விருப்பம்" என்று சொன்னாற் போதும். பெயர் விருப்பம், பொருள் கட்டளை. மறுப்பவன் ஒற்றுமைக்குப் பகைவன் எனப்படுவான். எழுதிய விதியால் வரும் கட்டுப்பாட்டை நாம் அஞ்சவில்லை. அதனைப் படித்தறியலாம், எதிர்த்து விண்ணப்பிக்கலாம். எழுதாத விருப்பத்தால் வரும் கட்டுப்பாட்டுக்கு விண்ணப்பிக்க வாயில் எது?

ஒரே பொருளை எல்லோர்க்கும் அணிவித்தால் ஒற்றுமை வந்துவிடுமா என்பதற்கும் சான்றுண்டு. றேஞ்சர் என்னும் சிறப்புப் படையினருக்கே உரியதாயிருந்த கறுப்புப் பெரே தொப்பியை இராணுவத்தினர் யாவரும் அணிவர் என 2000ஆம் ஆண்டில் ஜெனரல் ஷின்செக்கி அறிவித்தார். 2001 யூன் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடும் பயிற்சியால் அதனைப் பெற்றவர்கள் மனம் நொந்தனர். அவர்களுக்குப் பழுப்பு நிறத் தொப்பி கொடுக்கப்பட்டது. 2011இல் களச் சீருடைக்குப் பழைய சாதாரணத் தொப்பியே மீண்டும் வழக்கமாயிற்று. உழைத்தவனிடமிருந்து எடுத்து எல்லோர்க்கும் பகிர்ந்ததால், உழைத்தவனும் மகிழவில்லை; பெற்றவனுக்கும் அது பெருமையாகவில்லை.

அவ்வாறாயின் தனிவிருப்பத்துக்கு எல்லையே இல்லையோ? உண்டு. அமெரிக்காவின் 45ஆம் டிவிசன் 1920களில் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் நிறச் சுவஸ்திகத்தை அணிந்தது. அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வாழும் ஆதிக்குடிகளுக்கு அது பழமையான நற்சின்னம். எமக்கும் அது மங்கலச் சின்னமே. கணக்குப் புத்தகத்திலும் வாயிற்படியிலும் அதனை இடுகின்றோம். ஆயினும் ஹிட்லரின் கட்சி அவ்வடிவத்தைத் தன் கொடியாக்கிய பின், அந்த டிவிசன் அதனைக் கைவிட்டு, 1939இல் இடிப்பறவையைச் சின்னமாக ஏற்றது. அணிந்தவர் நெஞ்சில் மாசு இல்லை. எனினும் தோளிற் கிடப்பதைக் காண்பவனும் வாசிக்கின்றான். சின்னம் அணிபவனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

ஆகவே எமது முடிவு இது. இடத்தோள் சங்கத்துக்குரியது, அங்கே தன்விருப்பம் பேசுதல் தகாது. வலத்தோள் நினைவுக்குரியது, அங்கே பிறர் கைவைத்தல் தகாது. இரண்டும் ஒரே உடலில் இருப்பதனால்தான் அவன் வெறும் கருவியாகாமல், கடமையறிந்த மனிதனாகின்றான். அவ்வுரிமை அவன் பெற்றவற்றுள் தெரியும் உரிமையே. பெறாததைப் பூணும் உரிமையன்று. ஒன்றையும் அணியாது விடும் உரிமையும் அதனுள் அடங்கியமையே அதன் சிறப்பு. பெருமையை ஒருவன் பேசாமல் வைத்திருக்கவும் அந்த விதி இடங்கொடுக்கின்றது.

எமது சங்கமும் ஒரு சிறு சேனையே. இங்கு வந்தவர் பல ஊர்களிலிருந்தும், பல பாடசாலைகளிலிருந்தும், வேறு சங்கங்களிலிருந்தும் வந்தவர். சிரமதானத்துக்கு ஒன்றாக வருவோம். சங்கச் சின்னத்தைத் தவறாது அணிவோம். பெரியோர்களை நாம் வேண்டுவது ஒன்றே: விதி விட்டுவைத்த இடத்தை "விருப்பம்" என்ற சொல்லால் நிரப்பிவிடாதீர்கள். இளைஞர்க்கும் ஒரு சொல்: விதி வேண்டும் இடத்தில் எம் உரிமையைப் பேசி நழுவிவிடாதிருப்போம். இடத்தோளிற் குறைவைக்காதவனே வலத்தோளுக்கு உரிமை கேட்கத் தகுதியுடையவன்.