புத்தகம் முடிந்துவிட்டது, யாரிடம் கொடுப்பது?

(சேதராப்பட்டில் இளம் எழுத்தாளர்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் நான்கைந்து பேரிடமாவது எழுதி முடித்த பிரதி இருக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. நம் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர்களோடு பேசியதில் ஆய்வேட்டுக்குள் அடங்காமல் போனதையெல்லாம் தமிழில் எழுதி, பிறகு நானே ஆங்கிலத்தில் பெயர்த்தேன். 'இனி யாரிடம் கொடுப்பது?' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

தமிழில் இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. பதிப்பாளரைத் தெரிந்தவர் யாரையாவது பிடிக்க வேண்டும், அல்லது கைக்காசைப் போட வேண்டும். ஆங்கிலப் பதிப்புலகில் நடுவே இன்னொருவர் நிற்கிறார். அவர்தான் இலக்கிய முகவர், அதாவது ஏஜென்ட். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாக வரும் பிரதிகளைத்தான் பார்க்கின்றன. இந்தியாவிலும் ஜெய்ப்பூர், தில்லி போன்ற நகரங்களில் முகவர் நிறுவனங்கள் இயங்குகின்றன.

நடைமுறை இதுதான். ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், மாதிரிக்கு முதல் சில அத்தியாயங்கள் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் முழுப் பிரதியையும் கேட்பார்கள். ஒப்பந்தம் போட்டால் பதிப்பகங்களிடம் பேசி விற்றுக் கொடுப்பார்கள். ஆசிரியருக்கு வரும் பணத்தில் பொதுவாக 15 விழுக்காடு முகவருக்கு. வெளிநாட்டு உரிமை என்றால் 20 விழுக்காடு வரை போகும். புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவர் முகவர் அல்ல, அவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

அந்த ஒரு பக்கக் கடிதத்தில் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் எழுத வேண்டும். உங்கள் புத்தகம் அண்மையில் வந்த எந்தப் புத்தகங்களைப் போன்றது? இரண்டு மூன்று பெயர்கள் கொடுக்க வேண்டும். வாசகர் கூட்டம் இருக்கிறதா என்று கணிப்பதற்கான கேள்வி அது. வணிகக் கணக்கில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நம் வாழ்க்கையைப் பற்றி அந்தச் சந்தையில் புத்தகமே வராதபோது எதைக் காட்டுவது? முன்பு வரவில்லை என்பதே இனியும் வராமல் இருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. கிணற்றில் இறங்க விடாமல் தடுத்துவிட்டு, 'உங்களுக்கு நீந்தத் தெரியாதே' என்று சொல்வது போன்றது இது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அன்று அதைப் போன்றது என்று காட்டத் தமிழில் ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறு இல்லை. அதை வெளியிட்டது பெரிய இலக்கியப் பதிப்பகம் அல்ல, மதுரையில் இயங்கிய ஒரு சமூக ஆய்வு மையம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு மேக்மில்லன் வழியாக 2000இல் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது. மராத்தியில் தயா பவாரின் 'பலுதம்' 1978இல் வந்தது. ஆங்கிலத்துக்கு 2015இல்தான் போனது. 37 ஆண்டுகள்! நம் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே.ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தது, 2009இல் ஆங்கிலத்தில் கிடைத்தது. முன்னே போனவர்கள் பாதை போட்டிருந்ததால்தான் இந்த இடைவெளி சுருங்கியது.

இனி எனக்கு வந்த பதில்களைச் சொல்கிறேன். பலர் பதிலே போடவில்லை, அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஒருவர் மட்டும் அக்கறையோடு நீண்ட கடிதம் எழுதினார். கூலிக் கணக்கு, பி.எஃப். பிடித்தம், கம்பெனிப் பேருந்தில் யார் எந்த ஊரில் ஏறுகிறார்கள், யாரைத் துடைப்பத்தோடு நிறுத்துகிறார்கள், யாரை மேற்பார்வைக்கு அனுப்புகிறார்கள் என்று வரும் அத்தியாயங்களைக் குறைக்கச் சொன்னார். 'உங்கள் சொந்த வலியைக் கூட்டுங்கள், அதுதான் வாசகரைத் தொடும்' என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எது விற்கும் என்று அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆலோசனைக்குள் ஓர் அரசியல் இருக்கிறது. நாம் அழுதால் அது இலக்கியம், கணக்குக் கேட்டால் அது அலுப்பு. அடிபட்டவராக வந்தால் நாற்காலி போடுவார்கள், ஆராய்ந்து பார்ப்பவராக வந்தால் வாசலில் நிறுத்துவார்கள். சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தக் கூலிக் கணக்குதான் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பரிதாபம் மட்டும்.

தேர்ந்தெடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் லீ அண்ட் லோ என்ற பதிப்பகம் 2019இல் எடுத்த கணக்கில் பதிப்புத் துறையினரில் 76 விழுக்காட்டினர் வெள்ளையர்கள். அங்கே அந்தக் கேள்வியையாவது வெளிப்படையாகக் கேட்டு, பதிலை எண்ணாக அச்சிட்டார்கள். இங்கே ஆங்கிலப் பதிப்பகங்களின் ஆசிரியர் குழுவில் எத்தனை தலித்துகள் என்று கேட்டுப் பாருங்கள். 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்ற பதில்தான் வரும்.

குறைத்துக்கொள்ளச் சொல்லும் கடிதம் நமக்குப் புதிதல்ல. லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல், 1936 மாநாட்டுத் தலைமையுரைக்காக அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துவிட்டு, சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. அவர் தன் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதங்களில் தீர்ந்துபோயின. அதுதான் 'சாதி ஒழிப்பு'. தந்தை பெரியார் உடனே அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மண்டலின் பெயர் இன்று அந்தப் புத்தகத்தின் முன்னுரையில்தான் வாழ்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வந்தபோதுதான் கல்விப்புலம் திரும்பிப் பார்த்தது. இடையில் 85 ஆண்டுகள். அத்தனை காலம் அவர் முற்றிலும் அழிந்துபோகாமல் இருந்ததற்குக் கோலார் தங்கவயலுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய உழைப்பாளிகளின் ஊரில், அவர்களுடைய பௌத்த இயக்கத்தில்தான் அந்த எழுத்து உயிரோடு இருந்தது. தொழிற்பேட்டையில் உட்கார்ந்து இதைப் பேசும்போது நமக்கு ஒரு தெம்பு வரவேண்டும்.

அப்படியானால் முகவர்களே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க் சுரங்க ரயிலில் கண்டக்டராக வேலை செய்த சுஜாதா கிட்லாவின் புத்தகம் 2017இல் அமெரிக்காவின் பெரிய பதிப்பகம் ஒன்றில் வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை ஒட்டித் தமிழ்நாடு அரசு மொழிபெயர்ப்பு மானியம் தருகிறது. எந்தக் கதவையும் நாமாகச் சாத்திக்கொள்ளத் தேவையில்லை. பொதுச்சாலையில் நடக்கப் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். இந்தச் சாலையிலும் நடப்போம்.

நடக்கும்போது மூன்று விஷயங்களில் உறுதியாக இருங்கள். முதலாவது, முகவருக்கு அனுப்புவதற்கு முன்பே புத்தகத்தை நம் ஆட்கள் படித்திருக்க வேண்டும். என் பிரதியை அதில் வரும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். கூலி அத்தியாயத்தில் ஓர் அக்கா குறுக்கிட்டு, ஓவர்டைம் கணக்கில் நான் விட்டுப்போன ஒரு பிடித்தத்தைச் சேர்க்கச் சொன்னார். குறைக்கச் சொன்ன அத்தியாயம் இப்போது இன்னும் நீளமாகியிருக்கிறது.

இரண்டாவது, எழுத்துப்பிழை, நீளம், ஒழுங்கு பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்துங்கள். யாரைக் குற்றம் சாட்டுகிறோம் என்பதை மாற்றச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, உரிமை. தமிழ் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை விழுக்காடு, அச்சில் இல்லாமல் போனால் உரிமை யாருக்குத் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். நம் தாத்தன்மார் எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தார்கள். படித்துவிட்டு நாம் புத்தகத்தை இழக்கக் கூடாது.

என் பிரதியை இன்னும் ஆறு முகவர்களுக்கு அனுப்பப் போகிறேன், கூலிக் கணக்கோடு. ஆங்கிலப் பதிப்பு எப்போது வரும் என்று தெரியாது. தமிழ்ப் பதிப்பு அதற்காகக் காத்திருக்காது. உங்கள் பிரதிகளையும் எடுத்துவாருங்கள். அடுத்த மாதம் இதே இடத்தில் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்குவோம்.