யார் வீட்டுப் பிள்ளை?



'நீ யார்?' என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் அது தன் பெயரைச் சொல்லும். தோட்டத்துப் பெரியவர்கள் அத்தோடு விடமாட்டார்கள். 'யார் வீட்டுப் பிள்ளை?' என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. பிறரோடு கொண்ட உறவு இல்லாமல் ஒருவர் தாம் யார் என்று சொல்லிவிட முடியாது. இன்று அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அரசாங்கப் பதிவிலும் இதைக் காணலாம். மலாயாவில் அடையாளக் கார்டு 1948-இல், அவசரகாலத்தின்போது வந்தது. இன்றும் நம் பிள்ளைகள் 12 வயதில் அதை எடுக்கிறார்கள். அவர்கள் பெயருக்குப் பின்னால் 'ஆனாக் லெலாக்கி' அல்லது 'ஆனாக் பெரம்புவான்' என்ற குறிப்போடு தகப்பனார் பெயரும் வருகிறது.

தோட்டத்தில் நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். கிராணியாரின் செக்ரோலில் அவர்கள் வெறும் ஒரு வரி. லயத்துக்குத் திரும்பியதும் அதே மனிதர் ஒருவருக்கு மாமா, ஒருவருக்குச் சித்தப்பா. வெவ்வேறு ஊர்களிலிருந்து கங்காணிமாரோடு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்தது. சொந்த ஊர் எட்டிப்போன நிலையில் பக்கத்து வீட்டாரே உறவானார்கள். அந்த முறைப் பெயர்கள்தாம் நம்மவர்களைத் தலைநிமிர்ந்து வாழ வைத்தன.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சார்ல்ஸ் கூலே 1902-இல் இதை ஒரு கண்ணாடிக்கு ஒப்பிட்டார். பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எண்ணுகிறோமோ, அதைக் கொண்டே நாம் நம்மை மதிப்பிடுகிறோம் என்றார்.

பள்ளியில் நாங்கள் இதைத் தினமும் காண்கிறோம். வாசிக்கத் தயங்கும் மாணவியின் அருகில் முதல் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்து, 'அக்காள் உனக்குக் கதை வாசிப்பார்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறோம். அக்காள் ஆனதும் அவள் குரல் உயர்கிறது. எழுத்துக் கூட்டியாவது கதையை முடித்துவிடுகிறாள்.

உறவு உயர்த்துவதுபோலத் தாழ்த்தவும் செய்யும். 'மக்கு' என்று வீட்டில் பெயர் வாங்கிய பிள்ளை, கணக்கைப் பார்க்குமுன்பே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. 'குடிகாரன் மகன்' என்று சொல்லித் தகப்பன் குற்றத்தைப் பிள்ளை தலையில் சுமத்துவதும் அப்படித்தான்.

தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அடுக்குமாடியில் 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பவர் குறைவு. தெருமுனைக் கும்பல் மட்டும் நம் பையனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, 'நீ எங்கள் ஆள்' என்று தோளில் கை போடுகிறது. வீட்டில் 'உருப்படாதவன்' என்று கேட்டுச் சலித்தவனுக்கு அந்த வார்த்தை இனிக்கத்தானே செய்யும்? பிறகு அவர்கள் சொன்ன ஆளாகவே அவன் மாறுகிறான்.

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே! பிள்ளைக்கு வசைப்பெயர் வைக்காதீர்கள். தங்கைக்குப் பாடம் சொல்வது, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது போன்ற பொறுப்புகளைக் கொடுங்கள். செய்தபின், 'என் மகன் செய்தான்' என்று அவன் காதுபட நாலு பேரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் முறை சொல்லி அழையுங்கள். 'நீ எங்கள் பிள்ளை' என்ற சொல்லை அவன் முதலில் நம்மிடம் கேட்கட்டும்.