ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று ஆண்களுக்கு வருகிற ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அதை ஆம்பளைங்ககிட்ட சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. சொல்லிப் பார்த்தோம் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவேதான் போகிறது. வயதாக ஆக அது பெருத்து, குழாயை நெருக்கும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார், முக்குவார், சொட்டுச் சொட்டாகப் போகும். இது முதலில் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் படுத்திருக்கிற நமக்குத்தானே!

பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான். ஆனால் புற்றுநோயிலும் இப்படி வரலாம். ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. 50 வயது தாண்டியவர்கள், அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் 45 வயதிலேயே, டாக்டரிடம் கேட்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அழ வேண்டாம், கிருமித் தொற்றிலும் கூடும். சதைப் பரிசோதனை செய்துதான் உறுதி சொல்வார்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு குழுவில் ஒரு அக்கா மூன்று கூட்டத்துக்கு வரவில்லை, தவணையும் நின்றது. ஏன் என்று கேட்காமல் அபராதம் எழுதினோம். பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்திருக்கிறார். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. வெளியே சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

எலும்புக்குப் பரவினாலும், ஆண் ஹார்மோனைக் குறைக்கிற ஊசி போட்டுப் பலருக்கு வருஷக்கணக்கில் கட்டுக்குள் வைக்கிறார்கள். ஊசி போட்டால் திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வேர்க்கும், நமக்கு மாதவிடாய் நிற்கும்போது வருகிற மாதிரியே. அசதி, எரிச்சல் வரும். தாம்பத்திய ஆசையும் குறையும். நம்மை வெறுத்துவிட்டார் என்று அந்த அக்கா நினைத்து அழுதிருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்த நோய் உள்ளவருக்கு முதுகு வலியோடு கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள். அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் பதியலாம்.

அபராதத்தை நோட்டில் அடித்துவிட்டோம். தவணைக்குக் குழு ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தது. ஊசி போடுகிற நாளில் குழுவிலிருந்து ஒருவர் அவர்களோடு பஸ் ஏறுகிறார். போன தடவை அந்த அண்ணனே "இன்னைக்கு யாரும்மா வர்றீங்க?" என்று கேட்டாராம்.